உழவுக்கு வந்த இன்ஜினும் கடைப் பற்றேடும்

நமது மாவட்டத்தில் மளிகைக் கடை நடத்துவோருக்குப் புரட்டாசியும் ஐப்பசியும் பற்று ஏறும் மாதங்கள். தை முதல் பங்குனி வரை வரவு மாதங்கள். இது நம் பாட்டனார் காலத்திலிருந்து வருகிற நடைமுறைதான். ஆனால் முன்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய பற்று, இப்போது ஒரே வாரத்தில் ஏறிவிடுகிறது. விவசாயி கையிலுள்ள ரொக்கம் முழுவதும் உழவுக் கூலிக்குப் போய்விடுவதே இதற்கு முக்கியமான காரணம். ஆகவே, உழவு இயந்திரம் எப்படி வந்தது, அதனால் நமது வியாபாரத்தில் என்ன மாறியது என்பதை வணிகர்களும் அறிந்துகொள்வது நல்லது.

நீராவியில் தொடங்கியது

கலப்பையை இயந்திரத்தால் இழுக்கும் முயற்சி இங்கிலாந்தில் நீராவியைக் கொண்டு தொடங்கியது. வயலின் ஓரத்தில் இன்ஜினை நிறுத்தி, இரும்பு வடத்தால் கலப்பையை இழுக்கும் முறையை ஜான் ஃபௌலர் என்பவர் உருவாக்கி, 1858-ல் அந்நாட்டு வேளாண்மைச் சங்கத்தின் பரிசைப் பெற்றார். 1860-களில் சென்னை ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன் காலத்தில், சைதாப்பேட்டையில் அமைந்த சோதனைப் பண்ணைக்கு நீராவிக் கலப்பை உள்ளிட்ட கருவிகள் தருவிக்கப்பட்டன. அத்தனை கனமான இயந்திரமும் அதற்கு வேண்டிய விறகும் தண்ணீரும் நமது சிறு வயல்களுக்குக் கட்டுப்படியாகும் சரக்கு அல்ல.

பெட்ரோல் இன்ஜின் வந்த பிறகே நிலைமை மாறியது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஜான் ஃப்ரோலிக் என்பவர் 1892-ல் முன்னும் பின்னும் ஓடக்கூடிய பெட்ரோல் டிராக்டரைச் செய்தார். தொடர்ந்து விற்பனைக்கென்று செய்த வண்டிகளில் இரண்டே விலைபோயின. அந்த இரண்டும் திரும்பி வந்துவிட்டன. புதுச் சரக்கை முதலில் கடையில் வைப்பவர் படும் பாடு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்!

விலைப் போட்டி தந்த பாடம்

1917-ல் ஹென்றி ஃபோர்டு 'ஃபோர்ட்சன்' என்ற சிறிய டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். பெட்ரோலில் கிளப்பிவிட்டு, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டலாம். 1922-ல் அதன் விலையை 395 டாலராகக் குறைத்தார். எதிர்த்து நின்ற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி தானும் விலையைக் குறைத்து, கூடவே ஒரு கலப்பையையும் இனாமாகத் தந்தது. பிறகு 1924-ல், பயிர் வரிசைகளுக்கு நடுவிலும் ஓட்டி ஊடு உழவு செய்யக்கூடிய 'ஃபார்மால்' டிராக்டரை இறக்கியது. 1928-ல் ஃபோர்டு அமெரிக்காவில் டிராக்டர் உற்பத்தியையே நிறுத்திவிட்டார். விலை மலிவு வாடிக்கையாளரை அழைத்து வரும். அவர் தேவைக்குப் பொருந்தும் சரக்குதான் அவரை நிலைநிறுத்தும்.

ஃபோர்ட்சனில் இன்னொரு குறையும் இருந்தது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால், வண்டியின் முன்பக்கம் தூக்கி ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்துவிடும். அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன், கலப்பையை மூன்று இணைப்புகளால் டிராக்டரோடு பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் அமைப்பைக் கண்டார். 1939-ல் ஃபோர்டு டிராக்டரில் இது பெருமளவில் வந்தது. இன்று நம் ஊர் டிராக்டரின் பின்னால் பார்க்கும் அமைப்பும் இதுவே.

ஆஸ்திரேலியாவில் ஆர்தர் ஹோவர்டு என்ற இளைஞர் 1912-ல் வேறு வழியில் முயன்றார். கலப்பையை இழுப்பதற்குப் பதிலாக, இன்ஜின் விசையால் கத்திகளைச் சுழலவிட்டு மண்ணைக் கொத்தினார். முதலில் மண் பக்கவாட்டில் சிதறியது. கத்தியின் நுனியை வளைத்ததும் அக்குறை தீர்ந்தது. இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் 'ரோட்டாவேட்டர்' என்ற பெயர் அவரது கம்பெனி வைத்ததுதான்.

நமது மண்ணின் மைந்தர்

சுதந்திரத்திற்குப் பின், போரில் மிஞ்சிய அமெரிக்க டிராக்டர்களைக் கொண்டு மத்திய அரசு மத்திய இந்தியாவில் களை மண்டிய நிலங்களைத் திருத்தியது. மேலும் இயந்திரங்கள் வாங்க 1949-ல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. 1959-ல் ஃபரிதாபாத்தில் ஐஷர் கம்பெனி இந்தியாவிலேயே டிராக்டர் செய்யத் தொடங்கியது. 1960-ல் சென்னையில் 'டாஃபே' நிறுவனம், மாஸ்ஸி ஃபெர்குசன் கம்பெனியின் கூட்டுறவோடு உருவாயிற்று. மேலே சொன்ன ஃபெர்குசனின் பெயரே அது.

டாஃபேயைத் தொடங்கிய அமால்கமேஷன்ஸ் குழுமத்தை 1938-ல் நிறுவிய எஸ். அனந்தராமகிருஷ்ணன், நமது தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்தவர் என்பது நமக்குப் பெருமை. வயலில் நடந்து கொண்டே ஓட்டும் பவர் டில்லரை, பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் 1967-ல் மிட்சுபிஷியோடு சேர்ந்து கொண்டு வந்தது. கேரள அரசின் காம்கோ நிறுவனம் 1973-ல் பிறந்தது.

கரிசலுக்கு ஏன் அவசரம்?

நமது மாவட்டத்தில் இரண்டு விதமான நிலம் உண்டு. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கம் ஆற்றுப் பாசனம், நெல்லும் வாழையும். அங்கே தொழி உழவுக்குப் பவர் டில்லரும், இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிய டிராக்டரும் உதவுகின்றன.

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் மானாவாரிக் கரிசல். கரிசல் மண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் காலில் அப்பும். இரண்டுக்கும் இடைப்பட்ட பதம் சில நாட்களே நிற்கும். ஒரு ஜோடி மாட்டின் விசை ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன். சாதாரண டிராக்டருக்கோ முப்பதுக்கு மேல். மாட்டு ஏரால் பல நாள் உழ வேண்டியதை இது ஒரே நாளில் முடித்துப் பதத்தைப் பிடித்துவிடுகிறது. பருவமழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் முறையை, நூறாண்டு கடந்த கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்து வருகிறது. அதற்கும் முன்கூட்டிய கோடை உழவு அவசியம்.

கடைக்கு வந்த மாற்றம்

ஏர் மாடு இருந்த வீட்டில் உழவுக்கென்று தனி ரொக்கம் அதிகம் தேவைப்படவில்லை. மாட்டுக்கு வைக்கோல் வயலிலேயே கிடைத்தது; ஏர்க் கூலியைத் தானியமாகவும் அளக்கலாம். டீசலைத் தானியத்துக்குத் தர மாட்டார்கள். உழவு வாரத்தில் வாடகையை ரொக்கமாகக் கொடுக்கும் விவசாயி, அரிசி, எண்ணெய், பருப்பை நம் கடையில் பற்றெழுதுகிறார். சுருங்கச் சொன்னால், டிராக்டர் வாடகைக்கு மறைமுகமாகக் கடன் கொடுப்பவர் மளிகைக் கடைக்காரரே. இதை மனத்தில் கொண்டு நாம் செய்ய வேண்டியவை:

1. ஆவணி கடைசியிலேயே மொத்தக் கடைக்குரிய பழைய பாக்கியைக் குறைத்துக்கொள்ளவும். அடுத்த இரண்டு மாதம் நமது முதல் பற்றேட்டில் முடங்கும்.

2. பற்றின் தவணையைப் பயிரின் வயதைப் பார்த்து வைக்கவும். உளுந்தும் பாசியும் இரண்டரை மாதத்தில் பணமாகும். மிளகாய்க்கும் பருத்திக்கும் அதைவிட நாளாகும். இருவருக்கும் ஒரே தவணை சொல்வது வீண் மனத்தாங்கலுக்கே வழி.

3. இயந்திரத்தால் ஊரே ஒரே வாரத்தில் விதைப்பதால், விளைச்சலும் ஒரே சமயத்தில் வந்து விலை இறங்கக்கூடும். தானியம் வாங்கும் மொத்த வியாபாரிகள் சாக்கு, கிட்டங்கி, கையிருப்புப் பணம் மூன்றையும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளவும். ஈரச் சரக்கை அவசரத்தில் அடைக்க வேண்டாம்.

4. உழவு மாடு குறைந்த ஊரில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, கயிறு முதலியவற்றின் இருப்பைக் கறவை மாட்டுக் கணக்கைப் பார்த்து வைக்கவும். இரும்புக் கடையினர் போல்ட், பெல்ட், கிரீஸ், கொத்துக் கலப்பையின் கொழு ஆகியவற்றை ஆடிக்கு முன்பே வரவழைக்கலாம்.

5. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் உழவுக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், டிராக்டர் டயர், டியூபுக்கு 18-லிருந்து 5 ஆகவும் குறைந்துள்ளது. இவற்றை விற்போர் பில்லில் வரி விகிதத்தைச் சரிபார்க்கவும்.

வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த வாடகைக்கு டிராக்டர் விடுவதையும் நமது வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லலாம். வாடகையில் அவருக்கு மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் நமது பற்றேட்டில் ஏறாத ரூபாய் அல்லவா!