குழிக்கு ஒரு சிட்டிகை உரம்: நைஜர் கம்பு வயல்களில் ஓர் ஆய்வு

சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் உள்ள நைஜர் நாட்டில் கம்புதான் முக்கிய உணவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் ஒரே பருவ மழையை நம்பி, மணல் நிலத்தில் மானாவாரியாக விதைக்கிறார்கள். பல வயல்களில் ஹெக்டேருக்கு அரை டன் மகசூல்கூடத் தேறுவதில்லை.

மழைக் குறைவு மட்டும் இதற்குக் காரணமல்ல. அந்த மண்ணில் மணிச்சத்து மிகக் குறைவு. வேர் வளராத பயிரால், பெய்த மழையைக்கூட முழுதாகப் பயன்படுத்த முடியாது. உரம் இட்டால் பலன் உண்டு. ஆனால் வயல் முழுவதும் தூவும்படி பரிந்துரைக்கப்பட்ட அளவு ஏழை விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை. கடன் வாங்கி உரமிட்டு மழை பொய்த்தால், விளைச்சலும் போய்க் கடனும் மிஞ்சும். அதனால் பலர் உரமே இடாமல் விட்டார்கள்.

அளவைக் குறைத்த ஆய்வு

ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் தலைமையகம் கொண்ட இக்ரிசாட் நிறுவனத்துக்கு, நைஜர் தலைநகர் நியாமி அருகே சடோரேயில் ஆய்வு மையம் உண்டு. விவசாயியால் வாங்க முடிந்த கொஞ்ச உரத்தை வீணாக்காமல் பயிருக்குச் சேர்ப்பது எப்படி என்று அதன் விஞ்ஞானிகள் மற்ற ஆய்வு நிறுவனங்களுடன் சேர்ந்து ஆராய்ந்தனர்.

கிடைத்த விடை, நுண் அளவு உரமிடுதல். விதைக்கும் குழியிலேயே 2 கிராம் டி.ஏ.பி. அல்லது 6 கிராம் 15:15:15 கலப்பு உரம் இட வேண்டும். தராசு தேவையில்லை. மூன்று விரல்களால் எடுக்கும் சிட்டிகையோ, குளிர்பான பாட்டில் மூடியோ போதும். ஒரு மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 10,000 குழி என்றால் 20 கிலோ டி.ஏ.பி. ஆகும். ஏக்கர் கணக்கில் சுமார் 8 கிலோ.

வேருக்கு அருகிலேயே உரம் கிடைப்பதால் இளம்பயிர் வேகமாக வேர்விடுகிறது. நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ நாடுகளில் நடந்த வயல் சோதனைகளில் கம்பு, சோள மகசூல் 44 முதல் 120 சதவீதம் வரை கூடியது.

விலைக்கும் ஒரு வழி

விளைச்சல் கூடினாலும், அறுவடையானதும் விலை சரியும். கடனை அடைக்க விவசாயி அப்போதே விற்றாக வேண்டும். இதற்காக 'வாரன்டாஜ்' என்ற தானிய ஈட்டுக் கடன் முறை பரவியது. விவசாயிகள் தானியத்தைப் பொதுக் கிடங்கில் வைத்துக் கடன் பெறுகிறார்கள். கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சங்கத்திடம், மற்றொன்று கடன் கொடுத்தவரிடம். சில மாதம் கழித்து விலை ஏறியதும் விற்றுக் கடனை அடைக்கிறார்கள். அடுத்த பருவ உரத்துக்கும் கையில் காசு இருக்கும்.

கவனிக்க வேண்டியவை

விதைமேல் நேரடியாக உரம் பட்டால் முளைப்பு பாதிக்கும். குழி குழியாக இடுவதால் வேலையும் கூடும். சிட்டிகை உரத்தை மட்டுமே நம்பி ஆண்டுதோறும் அறுவடை செய்தால் மண்ணின் சத்து கரைந்துகொண்டே போகும். தொழு உரமும் அவசியம். புர்கினா ஃபாசோ விவசாயிகள் கோடையிலேயே 'ஸாய்' எனப்படும் சிறு குழிகளை வெட்டி எரு இட்டு வைப்பார்கள். மழைநீர் அதில் தேங்கும். இந்தக் குழியில் சிட்டிகை உரமும் சேரும்போது எருவின் ஈரமும் உரத்தின் சத்தும் ஒரே இடத்தில் பயிருக்குக் கிடைக்கின்றன.

இந்த அளவுகள் சஹேல் பகுதியின் மணல் மண்ணுக்கு உரியவை. அப்படியே எடுத்து வேறு மண்ணில் இட முடியாது. ஆனால் பரிந்துரையை விவசாயியின் கைக்காசிலிருந்து தொடங்கிய அந்த அணுகுமுறை எந்த மானாவாரி நிலத்துக்கும் பொருந்தும்.