சொற்களும் குறியீடுகளும் (ஓவியத் தொடர்)

சொற்களும் குறியீடுகளும் என்பது ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) 1963 முதல் வரைந்த ஓவியத் தொடர் ஆகும். ஜாதகக் கட்டம், எந்திரத் தகடு, ஓலைச்சுவடி ஆகியவற்றின் தோற்றத்தை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்த முன்னோடி முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி

கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், சென்னை அரசு கலை மற்றும் கைவினைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றார்.

ஐரோப்பாவில் காண்டின்ஸ்கி, மொந்திரியான் போன்ற ஓவியர்கள் பிரம்மஞான சபையின் மறைஞானக் கருத்துகளில் ஈடுபாடு கொண்டிருந்தனர். அச்சபையின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாற்றில் உள்ளது. மாக்ஸ் ஏர்ண்ஸ்ட் போன்றோர் ரசவாதக் குறியீடுகளைக் கையாண்டனர். பணிக்கர் எடுத்துக்கொண்ட குறியீடுகளோ இங்கு வீடுதோறும் புழக்கத்தில் இருந்தவை.

அமைப்பு

தென்னிந்திய ஜாதகத்தில் நடுப்பகுதி வெறுமையாக இருக்க, சுற்றிலும் 12 கட்டங்கள் அமையும். மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது மேஷம். அங்கிருந்து ராசிகள் வலஞ்சுழியாகச் செல்லும். பணிக்கரின் ஓவியங்களிலும் இத்தகைய கட்டங்கள், முக்கோணங்கள், வட்டங்கள், எண்கள், சிறு உருவங்கள் ஆகியவை நிறைந்துள்ளன. இடையிடையே நெருக்கமான எழுத்து வரிகள் ஓடும். கணித மாணவர் ஒருவரின் குறிப்பேட்டுப் பக்கமே தொடக்கத் தூண்டுதல் எனக் கூறப்படுகிறது. பின்னர் மலையாள எழுத்தின் சாயல் மிகுந்தது.

பொருள் கொள்ளுதல்

இவற்றை மந்திரம் என்றோ மறைமொழி என்றோ கருதிப் படிக்க முயல்வோர் உண்டு. ஆனால் அவ்வெழுத்துகள் சேர்ந்து சொற்களாவதில்லை. கட்டங்களைக் கொண்டு எவருக்கும் பலன் கூற இயலாது. வழிபாட்டு எந்திரம் அவ்வாறன்று. அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் எழுத்துக்கும் உரிய இடம் உண்டு. திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் அத்தகைய சக்கரங்களை விவரிக்கிறது. பணிக்கர் பயனை நீக்கி வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். எனவே பார்வையாளர் காண வேண்டியவை கோட்டின் ஓட்டம், வண்ணம், இடப் பகிர்வு ஆகியனவே. சென்னைப் பள்ளியில் பயின்ற கே. வி. ஹரிதாசன் இதினின்று வேறுபட்டு, தாந்திரிகச் சிந்தனையையே தம் ஓவியங்களின் கருவாக்கினார்.

தாக்கம்

நவீன ஓவியம் என்றாலே மேலைநாட்டைப் பின்பற்றுவது என்ற எண்ணம் நிலவிய காலத்தில், உள்ளூர் ஏட்டிலும் கட்டத்திலும் அதற்கான மொழி உண்டு என்பதை இத்தொடர் காட்டியது. பணிக்கரின் ஓவியங்களைத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் அமைந்த கலைக்கூடத்தில் காணலாம்.