பெயர் ஒத்துப்போன பிறகுதான் சிக்கலே

ஃப்ரீபிஎஸ்டி போட்ட லேப்டாப்பில் இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் ஒழுங்கா ஓடுதுன்னா, அடியில் உழைப்பது பெரும்பாலும் லினக்ஸுக்காக எழுதப்பட்ட டிரைவர். லட்சக்கணக்கான வரிகள், திரும்ப எழுத அங்கே ஆள்பலம் கிடையாது. அதனால் டிரைவரை முடிந்தவரை தொடாமல், அதன் கீழே லினக்ஸ் மாதிரி நடிக்கிற ஓர் அடுக்கை வைத்தார்கள். அதன் பெயர் லினக்ஸ்கேபிஐ. இன்ஃபினிபேண்ட் நெட்வொர்க் டிரைவர்களுக்காக வந்தது, பிறகு கிராபிக்ஸுக்கும் வளர்ந்தது.

மேலோட்டமா பார்த்தா இது அகராதி வேலை. லினக்ஸ் கர்னலில் மெமரி கேட்க கேமாலக், இங்கே மாலக். நடுவில் சின்னதா ஒரு ஃபங்ஷன் எழுதினால் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். ஆனா கம்பைலர் பார்க்காத இடம் ஒன்று இருக்கு.

லினக்ஸ் கர்னலில் ஒரு ஃபங்ஷன் தோற்றால் பிழை எண்ணை மைனஸ் போட்டுத் திருப்பும். பிஎஸ்டியில் அதே எண் பிளஸ்ஸாக வரும். அனுமதி இல்லை என்பதற்கான இபெர்ம், இரண்டிலும் 1. லினக்ஸ் டிரைவர் -1 என்று திருப்புகிறது, யாரும் குறியை மாற்றாமல் விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. ஃப்ரீபிஎஸ்டி கர்னலுக்குள் -1 என்றால் இரீஸ்டார்ட்: "இந்த சிஸ்டம் காலை மறுபடி முதலிலிருந்து ஓட்டு". அப்போ 'உனக்கு அனுமதி இல்லை' என்ற பதில், 'திரும்பக் கேள்' என்று ஆகிவிடும். புரோகிராம் திரும்பக் கேட்கும், திரும்ப -1 வரும், முடிவே கிடையாது. க்ராஷ் ஆகாது, எந்தச் செய்தியும் வராது. அதனால்தான் லினக்ஸ்கேபிஐ, டிரைவரிலிருந்து விடை வெளியே வரும் வாசலிலேயே குறியைத் திருப்பிப் போடுகிறது.

(எண்ணைப் பெயரால்தான் எழுதணும் என்பதற்கும் நல்ல உதாரணம் உண்டு. லினக்ஸில் இஅகெய்ன் 11, இடெட்லாக் 35. ஃப்ரீபிஎஸ்டியில் அப்படியே தலைகீழ்.)

பூட்டுகள் இன்னும் ஆழம். லினக்ஸின் ஸ்பின்லாக் கிடைக்காத சிபியூ, தூங்காமல் அங்கேயே சுற்றிக்கொண்டு காத்திருக்கும். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் தூங்கக் கூடாது என்பது அங்கே விதி. ஃப்ரீபிஎஸ்டியில் டிவைஸ் இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் பெரும்பாலும் தனித் த்ரெட்டாக ஓடுகின்றன, எனவே சாதாரண மியூடெக்ஸில் காத்திருக்கலாம். லினக்ஸ்கேபிஐ ஸ்பின்லாக்கை அந்த மியூடெக்ஸாகவே மாற்றிவிடுகிறது. இன்டரப்டையும் சேர்த்து அணைக்க வேண்டிய 'ஐஆர்க்யூசேவ்' வகை, கொடியில் 0 போட்டுவிட்டு மியூடெக்ஸை மட்டும் பூட்டும். பெரும்பாலான கோடுக்கு இது போதும். ஆனா பூட்டுக்குள் இருக்கும்வரை யாரும் இடையில் புகமாட்டார்கள் என்று நம்பி, நேரம் பிசகாமல் ரெஜிஸ்டர் எழுதுகிற கோடு இருந்தால்? அந்த நம்பிக்கை எந்த ஹெடர் ஃபைலிலும் எழுதியிருக்காது. வரிவரியா படித்துத்தான் பிடிக்கணும். என்னைக் கேட்டால், போர்ட் செய்பவரின் உண்மையான வேலை இதுதான்.

இத்தனைக்கும் பிறகு லினக்ஸ் தன் கர்னலின் உள் ஏபிஐ நிலையாக இருக்கும் என்று வாக்குக் கொடுப்பதே இல்லை, வேண்டும்போது மாற்றும். ஒவ்வொரு புது டிரைவர் பதிப்புக்கும் இந்த அடுக்கும் வளர்ந்தாகணும். புது லேப்டாப் வாங்கிய பிஎஸ்டிக்காரர் அதுவரை மங்கலான ஃப்ரேம்பஃபரில் காத்திருப்பார்.