மருந்து போட்ட மரம் ஒட்டுமா?

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை இருக்கிறது. அங்கே பத்மநாபசுவாமி கோயில் அருகே குதிரை மாளிகையைப் பார்க்கலாம். சுவாதித் திருநாள் மன்னர் கட்டியது. கூரைக்குக் கீழே 122 மரக் குதிரைகள் வரிசையாக உள்ளன.

அந்தக் காலத்தில் அரண்மனைக்குத் தேக்கு கிடைத்தது. வைரம் பாய்ந்த தேக்கு எளிதில் உளுத்துப் போகாது. இன்று தேக்கின் விலை அதிகம். கேரளத்தில் ரப்பர் மரத்திலும் கட்டில், மேசை செய்கிறார்கள்.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதைத் தின்ன வண்டு வரும். அதனால் வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரை மரத்துக்குள் ஏற்றுகிறார்கள்.

இந்த மருந்து வண்டைத் தடுக்கும். ஆனால் பசைக்குத் தொல்லை தரும். எப்படி?

பசை மரத்தின் சிறு துளைகளில் இறங்க வேண்டும். பிறகு இறுக வேண்டும். அப்போதுதான் பிடிக்கும். ஒட்டுப் பலகைக்குப் பீனால் பிசின் பயன்படுகிறது. மருந்து மிகுந்தால் அது இறங்கும் முன்பே இறுகிவிடும். தச்சரின் வெள்ளைப் பசையும் வெண்காரம் பட்டால் திரண்டுவிடும். பார்வைக்கு ஒட்டியது போல இருக்கும். ஒருநாள் நாற்காலியின் மூட்டு விட்டுப்போகும். உட்கார்ந்தவர் விழுவார்.

என்ன செய்யலாம்?

மருந்து போட்ட பலகையை நன்றாக உலர விடுங்கள். மேலே வெள்ளையாகப் பூத்த உப்பைத் துடையுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஒட்டும் பக்கத்தை லேசாக இழையுங்கள். அதிகம் இழைத்தால் மருந்தும் போய்விடும். தூசியைத் தட்டி, அன்றே பசை போடுங்கள்.

முதலில் இரண்டு துண்டுகளை ஒட்டிப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த பின் பிளந்து பாருங்கள். மரம் கிழிந்தால் ஒட்டு நல்லது. பசை மட்டும் பிரிந்தால் ஒட்டு சரியில்லை.