அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் மூர்க்கமும் தண்டனையும் விளையாட்டுப் பண்பும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் அணிகள் ஆடும் ஆட்டமாகும். தமிழில் பொதுவாகக் கால்பந்து எனப்படும் ஆட்டத்தை அமெரிக்கர்கள் சாக்கர் என்பர்; இது வேறு. இதில் பந்து முட்டை வடிவில் இருக்கும். காலைவிடக் கையில்தான் அதிக நேரம் இருக்கும். அணிக்குப் பதினொருவர். 100 கெஜ நீளக் களத்தில் பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் ‘டவுன்’ என்று பெயர்.

பந்துடன் ஓடுபவரை உடலால் மோதிக் கீழே வீழ்த்துவது இங்கே குற்றமன்று, அதுதான் ஆட்டமே. இதனால் பிற விளையாட்டுகளில் அவ்வளவாக எழாத ஒரு சிக்கல் இதில் எழுகிறது. மாணவனுக்கு முழு வலிமையுடன் மோதக் கற்பிக்க வேண்டும். எந்த மோதல் தகாதது என்பதையும் கற்பிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலான கோடு 1869ஆம் ஆண்டு நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து இன்றுவரை பலமுறை மாற்றி வரையப்பட்டுள்ளது. பெரும்பாலும் யாராவது ஒருவர் அடிபட்ட பிறகுதான் அது மாறியது.

தண்டனை விதிக்கப்படும் முறை

சாக்கரில் தவறு செய்தவருக்கு மஞ்சள், சிவப்பு அட்டைகள் காட்டப்படும். அமெரிக்கக் கால்பந்தில் தண்டனை நிலத்தால் அளக்கப்படுகிறது. ஆட்டம் தொடங்குமுன் அசைந்தால் 5 கெஜம், எதிராளியைச் சட்டவிரோதமாகப் பிடித்து நிறுத்தினால் 10 கெஜம், ஆபத்தான அல்லது முரட்டுத்தனமான மோதலுக்கு 15 கெஜம் என அணி பின்வாங்க வேண்டும். தவறு செய்வது ஒருவர், பின்வாங்குவது பதினொருவர். தவறுக்கு ஆளான அணி, தண்டனையைவிட ஆட்டத்தின் விளைவே தனக்குச் சாதகம் என்று கருதினால் தண்டனையை வேண்டாம் என்றும் சொல்லலாம்.

தடுக்கும் அணியினர் முரட்டுத் தவறு செய்தால் 15 கெஜத்தோடு எதிரணிக்குப் புதிதாக நான்கு டவுன்களும் கிடைத்துவிடும். மூன்று டவுன்களில் பாடுபட்டு எதிரணியை நிறுத்திவிட்டு, ஆட்டம் நின்ற பிறகு ஒருவர் கோபத்தில் தள்ளிவிட்டதால் எல்லாவற்றையும் இழந்த அணிகள் ஏராளம். எள்ளி நகையாடுதல், திட்டுதல், நடுவரிடம் வாக்குவாதம் செய்தல் போன்ற நடத்தைத் தவறுகளுக்கும் 15 கெஜம்தான். ஒரே ஆட்டத்தில் இரண்டாம் முறை அப்படி நடந்துகொள்பவர் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். கைகலப்பில் இறங்கினால் முதல் முறையே வெளியேற்றம்.

தவறு கண்ட நடுவர் மஞ்சள் கொடியைக் களத்தில் எறிவார். ஆட்டத்தை நிறுத்தாமலே தவறைக் குறிக்கும் இந்த முறை ஒரு கல்லூரிப் பயிற்றுநரின் யோசனை. முன்பு நடுவர்கள் ஊதுகுழலை ஒலித்தனர். பார்வையாளர் கூச்சலில் அது பலருக்கும் கேட்கவில்லை. ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் கல்லூரிப் பயிற்றுநர் டுவைட் பீடி, தம் மனைவி தைத்துக் கொடுத்த துணிக் கொடிகளை 1941 அக்டோபர் 17 அன்று ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டத்தில் நடுவர்களிடம் கொடுத்துப் பயன்படுத்தச் செய்தார்.

1905ஆம் ஆண்டின் நெருக்கடி

தொடக்க கால ஆட்டம் இன்றையதைவிடக் கொடியது. 1892இல் யேல் அணிக்கு எதிராக ஹார்வர்டு அணி ‘பறக்கும் ஆப்பு’ என்ற உத்தியை இறக்கியது. ஆட்டக்காரர்கள் ஆப்பு வடிவில் திரண்டு, ஓடிவரும் வேகத்தோடு எதிரணியின் ஒரே ஆள்மீது மோதுவர். இதை வகுத்த லோரின் டிலாண்டு கால்பந்து ஆடியவரே அல்லர், சதுரங்கப் பிரியர். காய்களை நகர்த்தும் கணக்கை மனித உடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். இரண்டே ஆண்டுகளில் இந்த உத்தி தடை செய்யப்பட்டது.

ஆனால் கும்பலாக மோதும் பழக்கம் போகவில்லை. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் குறைந்தது 18 பேர் இறந்ததாகச் செய்தித்தாள்கள் கணக்கிட்டன. அந்த அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்றின் பிரதிநிதிகளையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் திருத்திக்கொள்ளச் சொன்னார். நவம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்துடன் ஆடிய யூனியன் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பிக்கு மாறின.

1906இல் வந்த சீர்திருத்தம் கவனிக்கத்தக்கது. அது வெறும் தண்டனையைக் கூட்டுவதோடு நிற்கவில்லை. அதுவரை மூன்று முயற்சிகளில் 5 கெஜம் போனால் போதும்; கும்பலாகத் தள்ளியே அதைச் சாதித்துவிடலாம். புதிய விதி 10 கெஜம் கேட்டது; பந்தை முன்னோக்கி எறியவும் அனுமதித்தது. நெருக்கியடித்துத் தள்ளினால் இனி ஆதாயம் குறைவு என்றானதும் ஆட்டம் மெல்ல மெல்ல விரிந்தது. மூர்க்கத்தை அடக்க அதன் பயனைக் குறைப்பதும் ஒரு வழி என்பதற்கு இது நல்ல சான்று. அந்த ஆண்டு உருவான கல்லூரிகளின் கூட்டமைப்பே 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்ற பெயரில் இயங்கி வருகிறது.

தலைக்கவசம் ஆயுதமான கதை

தோல் தொப்பி போய், கடினமான பிளாஸ்டிக் தலைக்கவசமும் முகக்கம்பியும் வந்தன. மண்டையைக் காக்க வந்த கவசம், தலையையே முட்டுக்கட்டையாகப் பயன்படுத்தும் துணிச்சலையும் தந்தது. தலையைக் குனிந்து ஈட்டிபோல் பாய்ந்து மோதும் முறையைப் பலர் பழகினர். மோதியவரின் கழுத்தெலும்பே இதில் முறிந்தது. 1968இல் எல்லா நிலை ஆட்டங்களையும் சேர்த்து, ஆட்டத்தின் நேரடி விளைவாக 36 பேர் இறந்தனர். 1976இல் கல்லூரிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் தலையால் முதலில் மோதுவதைத் தடை செய்தன. எண்ணிக்கை விரைந்து குறைந்தது. 1990இல் அப்படி ஒரு மரணமும் பதிவாகவில்லை.

அதன் வழிவந்ததுதான் இன்று அதிகம் சர்ச்சைக்குள்ளாகும் ‘டார்கெட்டிங்’ விதி. தலைக்கவசத்தின் உச்சியால் மோதுவதும், பந்தைப் பிடிக்கவோ எறியவோ முனைந்து தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரின் தலை, கழுத்துப் பகுதியில் வலுவாகத் தாக்குவதும் இதன்படி குற்றம். 2008இல் 15 கெஜத் தண்டனையாகத் தொடங்கிய இதில் 2013 முதல் வெளியேற்றமும் சேர்ந்தது. இரண்டாம் பாதியில் வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் ஆட முடியாது என அவ்விதி கூறியது. காணொளியில் பார்த்து வெளியேற்றத்தை ரத்து செய்தாலும் 15 கெஜம் மட்டும் நீடிக்கும் என்ற விந்தையான ஏற்பாடு முதலாண்டில் இருந்தது. குற்றமே இல்லை என்றான பின் தண்டனை எதற்கு என்ற கேள்வி எழவே, அடுத்த ஆண்டு அது நீக்கப்பட்டது.

ஐயம் இருந்தால் குற்றமாகவே கொள்க என்பது களநடுவருக்கு விதிப்புத்தகம் தரும் அறிவுரை. நீதிமன்றத்தில் ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இங்கே அது அடிபடக்கூடியவருக்குப் போகிறது. பந்து பிடிப்பவர் கடைசி நொடியில் குனிந்ததால் தோளுக்குப் போக வேண்டிய அடி தலைக்குப் போனது என்று ஆட்டக்காரர் வாதிடலாம்; பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆயினும் 20 வயது மாணவரின் மூளையும் கழுத்தும் ஒரு தட்டில் இருக்கும்போது, மறுதட்டில் உள்ள அரை ஆட்டத்தின் எடை குறைவுதான்.

கொடி விழாத ஆட்டம்

மேலே சொன்ன தண்டனைகளெல்லாம் நடுவர் பார்த்தால், பார்த்ததைச் சொன்னால் மட்டுமே செல்லும். 1951 அக்டோபர் 20 அன்று ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் நகரில் நடந்தது இதற்கு மறக்க முடியாத எடுத்துக்காட்டு.

அயோவா மாநிலத்தின் டிரேக் பல்கலைக்கழக அணியின் முதன்மை ஆட்டக்காரர் ஜானி பிரைட். அவர் கறுப்பினத்தவர். அதற்கு முந்தைய இரு ஆண்டுகளிலும் ஓட்டமும் எறிதலும் சேர்ந்த மொத்தக் கெஜக் கணக்கில் நாட்டிலேயே முதலிடம் பெற்றவர். ஓக்லஹோமா ஏ அண்டு எம் கல்லூரியுடனான ஆட்டத்துக்கு முன்பே, பிரைட் ஆட்டம் முடியும்வரை தாக்குப்பிடிக்க மாட்டார் என்ற பேச்சு அந்த ஊரில் உலவியது. அதைக் கேள்விப்பட்ட ‘டி மாயின் ரெஜிஸ்டர்’ நாளிதழின் புகைப்படக்காரர்கள் டான் அல்டாங், ஜான் ராபின்சன் இருவரும் தொடக்கம் முதலே பிரைட்டைப் படமெடுத்தனர்.

முதல் ஏழு நிமிடங்களுக்குள் எதிரணியின் வில்பேங்க்ஸ் ஸ்மித், பிரைட்டை மூன்று முறை நினைவிழக்கச் செய்தார். பந்தைச் சக ஆட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து விலகி நின்றவரின் முகத்தில் அடி விழுந்தது. தாடை முறிந்தது. முறிந்த தாடையோடு பிரைட் 61 கெஜ தூரம் செல்லும் வெற்றிகரமான எறிதல் ஒன்றைச் செய்து அணிக்குப் புள்ளி பெற்றுத் தந்தார். பிறகு வெளியேற நேர்ந்தது. டிரேக் 27-14 எனத் தோற்றது. பிரைட்டின்மீது விழுந்த அடிக்குக் களத்தில் ஒரு கொடியும் விழவில்லை.

மறுநாள் வெளியான தொடர் படங்கள் நடந்ததை வரிசையாகக் காட்டின. 1952இல் அவற்றுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. இருந்தும் கல்லூரியோ, அது சேர்ந்திருந்த மிசௌரி பள்ளத்தாக்குக் கூட்டமைப்போ ஸ்மித்தின்மீது நடவடிக்கை எடுக்கவில்லை. தம் செயலில் இனவெறி இல்லை என்றே ஸ்மித் பின்னாளிலும் சொல்லிவந்தார். டிரேக் அக்கூட்டமைப்பிலிருந்து விலகியது. அதற்கு ஆதரவாக பிராட்லி பல்கலைக்கழகமும் விலகியது. முகக்கம்பியையும் முழங்கை அடியையும் பற்றிய விதிகள் இறுகியதற்கு இப்படங்கள் காரணமாயின.

பிரைட் கனடா சென்று அங்குள்ள தொழில்முறைக் கால்பந்தில் புகழ்பெற்றார். எட்மண்டன் நகரில் ஆசிரியராகவும் பள்ளித் தலைமையாசிரியராகவும் பணியாற்றி 1983இல் மறைந்தார். இன்று அந்நகரில் அவர் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகமாக மாறிவிட்ட அந்தக் கல்லூரி 2005இல், நிகழ்ச்சி நடந்து 54 ஆண்டுகளுக்குப் பின், டிரேக் பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தது. கேட்க வேண்டியவர் அப்போது உயிருடன் இல்லை.

களத்துக்கு வெளியிலான தண்டனைகள்

சில குற்றங்களுக்குக் கெஜக் கணக்கு போதாது. 1978 டிசம்பர் 29 அன்று நடந்த கேட்டர் கிண்ணப் போட்டியில், தம் அணியின் எறிதலை இடைமறித்த கிளெம்சன் ஆட்டக்காரர் சார்லி பாமனை ஒஹையோ ஸ்டேட் பயிற்றுநர் வுடி ஹேஸ் கையால் குத்தினார். 28 பருவங்கள் அந்த அணியை நடத்திய அவர் மறுநாளே பணிநீக்கம் செய்யப்பட்டார். 2006 அக்டோபரில் மயாமி, ஃபுளோரிடா இன்டர்நேஷனல் அணிகளுக்கிடையே மூண்ட கைகலப்பில் 31 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 2024 நவம்பரில் ஒஹையோ ஸ்டேட் அணியை 13-10 என வென்ற மிச்சிகன் வீரர்கள், எதிரணியின் களத்து நடுவில் தங்கள் கொடியை நட முயன்றபோது சண்டை வெடித்தது. காவலர்கள் மிளகுத்தூள் தெளித்துக் கலைத்தனர். இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

மாறாக, யாரையும் தொடாதவர் தண்டிக்கப்பட்டதும் உண்டு. 2008 செப்டம்பரில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 2 நொடிகள் மீதமிருக்கையில் வாஷிங்டன் அணியின் ஜேக் லாக்கர் புள்ளி எடுத்தார். மகிழ்ச்சியில் பந்தை உயரே வீசினார். மிதமிஞ்சிய கொண்டாட்டம் என 15 கெஜம் தண்டனை. ஆட்டத்தைச் சமன்செய்ய வேண்டிய 20 கெஜ உதை 35 கெஜ உதையாயிற்று. எதிரணி அதைத் தடுத்தது. வாஷிங்டன் 27-28 எனத் தோற்றது. விதியின் எழுத்துப்படி சரி. முறிந்த தாடைக்கு விழாத கொடி இதற்கு விழுந்தது என்பதைப் பார்க்கும்போது, விதி எவ்வளவு நீண்டாலும் அதைக் கையாளும் மனிதரைப் பொறுத்தே நியாயம் அமைகிறது என்பது தெரிகிறது.

இரண்டு ஐந்தாவது டவுன்கள்

விளையாட்டுப் பண்பு என்பதை விதியால் வரையறுப்பது கடினம். ஆனால் ஒரே தவறு 50 ஆண்டு இடைவெளியில் இருமுறை நடந்து, இரண்டு அணிகள் இருவிதமாக நடந்துகொண்டதால் அதை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

1940 நவம்பர் 16 அன்று டார்ட்மத் கல்லூரியுடன் ஆடிய கார்னெல் அணி, 18 ஆட்டங்களாகத் தோல்வி காணாதது. டார்ட்மத் 3-0 என முன்னிலையில் இருந்தது. கடைசி நொடிகளில் கார்னெல் ஒரு வெற்றிகரமான எறிதலால் 7-3 என வென்றது. படச்சுருளைக் கழுவிப் பார்த்தபோது, அந்த எறிதல் நான்காவது அன்று, ஐந்தாவது டவுன் என்பது புலப்பட்டது. நடுவர் ரெட் ஃப்ரீசல் எண்ணிக்கையில் தவறிவிட்டார். அதை ஒப்புக்கொண்டும் எழுதினார். ஆனால் முடிந்த ஆட்டத்தின் முடிவை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. கார்னெல் பேசாமல் இருந்திருந்தால் வெற்றி அதனுடையதே. அது டார்ட்மத்துக்குத் தந்தி அடித்து வெற்றியை விட்டுக்கொடுத்தது. டார்ட்மத் ஏற்றுக்கொண்டது.

1990 அக்டோபர் 6 அன்று மிசௌரிக்கு எதிராக கொலராடோ அணிக்கும் நடுவர்களின் எண்ணிக்கைத் தவறால் ஐந்தாவது டவுன் கிடைத்தது. கடைசி ஆட்டத்தில் பந்துடன் பாய்ந்து 33-31 என வென்றது. பயிற்றுநர் பில் மெக்கார்ட்னி, மிசௌரியின் முன்னாள் மாணவர், வெற்றியை விட்டுக்கொடுக்க மறுத்தார். களம் வழுக்கியதையே குறையாகச் சொன்னார். அந்தப் பருவத்தின் தேசிய முதலிடத்தைக் கொலராடோ ஜார்ஜியா டெக் அணியுடன் பகிர்ந்துகொண்டது.

இரண்டு ஆட்டங்களிலும் கொடி விழவில்லை. பதிவேடுகளில் முதலாவது டார்ட்மத் 3, கார்னெல் 0 என்றும், இரண்டாவது கொலராடோ 33, மிசௌரி 31 என்றும் உள்ளன.