விருந்தினரை அஞ்சும் வீட்டு நாய்

'நாய்கள் ஜாக்கிரதை' என்னும் பலகை தொங்காத தெரு இன்று நம் நகரங்களில் அரிது. அழைப்புமணியை அழுத்தியதும் உள்ளேயிருந்து எழும் குரைப்பொலியைக் கேட்டு எரிவாயு உருளை கொண்டுவந்தவர் இரண்டடி பின்வாங்குகிறார். அஞ்சல்காரர் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு நகர்கிறார். வீட்டுக்காரரோ, "ஒன்றும் செய்யாது, சும்மா வாருங்கள்" என்று சிரிக்கிறார். நாய்க்கடிகள் பலவற்றுக்கு முன்பு கடைசியாகச் சொல்லப்பட்ட வாக்கியம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் குரைப்பை நாம் வீரம் என்றும் விசுவாசம் என்றும் எடுத்துக்கொள்கிறோம். உற்றுப் பார்த்தால், பல வேளைகளில் அது அச்சத்தின் குரல். உடலின் எடையைப் பின்னங்கால்களில் தாங்கி, காதுகளைத் தலையோடு ஒட்டவைத்து, முன்னே இரண்டடி பாய்ந்து பின்னே மூன்றடி ஒதுங்கும் நாய் வீட்டைக் காக்கவில்லை. 'போய்விடு' என்று கெஞ்சுகிறது. அஞ்சல்காரரும் போய்விடுகிறார். தன் குரைப்பால்தான் ஆபத்து விலகியது என்று நாய் கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் நடக்கும் இந்தப் பாடம் ஓராண்டில் எவ்வளவு ஆழமாகப் பதியும்!

அடி வாங்கிய நாய்தான் மனிதரை அஞ்சும் என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மையே. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய இருவரும் 1965-இல் வெளியிட்ட நூலில், பிறந்த 3-ஆவது வாரம் முதல் ஏறத்தாழ 12-ஆவது வாரம் வரையிலான காலமே குட்டி தன் சுற்றத்தோடு உறவுகொள்ளக் கற்கும் பருவம் என்று விளக்கினர். அந்த நாள்களில் பழகாத மனிதர்களும் கேளாத ஓசைகளும் பின்னாளில் ஐயத்துக்குரியவை ஆகிவிடுகின்றன. நாமோ, தடுப்பூசிகள் முடியட்டும் என்று குட்டியை மொட்டைமாடியிலோ உள்ளறையிலோ அடைத்து வைக்கிறோம். ஊசி முடியும்போது பருவமும் முடிந்திருக்கும். தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை செல்வதில் தடையேதும் இல்லை. உறவினர் நால்வரை வீட்டுக்கு வரச்சொல்வதிலும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தில் வளர்ந்த குட்டிகள் பல, வீட்டாரைத் தவிர வேறு முகமே காணாமல் பெரியவையாயின. பரம்பரை இயல்பும் சேர்ந்துகொள்கிறது. கன்னி, சிப்பிப்பாறை போன்ற நம் மண்ணின் இனங்கள் அந்நியரிடம் எளிதில் ஒட்டுவதில்லை.

எங்கள் வீட்டு நாய் தெருவில் பிறந்தது. ஆறு மாதக் குட்டியாக வந்தது, எங்களிடம் குழைந்தது, விருந்தினர் வந்தால் கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்கியது. ஒருநாள் என் மாமா அன்பு மேலிட, கட்டிலுக்கடியில் கைநீட்டித் தலையைத் தடவ முயன்றார். கடிபடவில்லை, சட்டைக் கைதான் கிழிந்தது. தவறு நாயுடையதும் அல்ல, மாமாவுடையதும் அல்ல. பார்த்துக்கொண்டிருந்த எங்களுடையது.

ஏனெனில், நாய் முன்னறிவிப்பின்றிக் கடிப்பது அரிது. உணவே இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமின்றிக் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணின் வெண்மை தெரியப் பார்ப்பது, அசையாமல் விறைத்து நிற்பது எல்லாமே அதன் மொழி. வாலாட்டுவதெல்லாம் மகிழ்ச்சி அல்ல. விறைத்த வால் மெல்ல ஆடுவது எச்சரிக்கையாகவும் இருக்கலாம். இவை எவையும் எடுபடாதபோதுதான் உறுமுகிறது. உறுமியதற்காக அடிக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அடித்தால் உறுமல் நிற்கும், அச்சம் நிற்காது. அடுத்தமுறை அந்த நாய் உறுமாமலே கடிக்கும்.

அச்சத்தை மாற்றும் வழியை உளவியல் கண்டுபிடித்தது நாயிடம் அல்ல, ஒரு குழந்தையிடம். முயலைக் கண்டு அலறிய, மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது, கூண்டிலிருந்த முயலை அவன் உண்பதை நிறுத்தாத தொலைவில் வைத்தார்கள். நாளடைவில் சற்றே அருகில் கொண்டுவந்தார்கள். முடிவில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். இந்தச் செய்முறையின் உயிர் தொலைவில் இருக்கிறது. முயலை முதல் நாளே மடியில் வைத்திருந்தால் அவன் உணவையும் வெறுத்திருப்பான்.

நாய்க்கும் இதுவே முறை. விருந்தினரைக் கண்டும் அது உண்ணும் தொலைவு எது என்று முதலில் அறிய வேண்டும். கூடத்தின் மறுமூலையாக இருக்கலாம். அடுத்த அறையாகவும் இருக்கலாம். ஆள் கண்ணில் பட்டதும் உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டோ பனீரோ கிடைக்க வேண்டும். ஆள் மறைந்ததும் அது நின்றுவிட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. அழைப்புமணிக்கும் தனிப் பயிற்சி தேவை. யாரும் வராத வேளையில் வீட்டில் ஒருவர் மணியை அழுத்த, மற்றொருவர் உடனே தீனி தர வேண்டும். ஒருநாளைக்கு ஐந்தாறு முறை போதும். நாய் உண்ண மறுத்தால் பிடிவாதம் அல்ல. நாம் மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள்.

'அஞ்சும்போது தீனி கொடுத்தால் அச்சம் வளராதா?' என்று கேட்பவர்கள் உண்டு. அச்சம் என்பது நாய் கூலிக்குச் செய்யும் வேலை அல்ல, உணர்ச்சி. இடி கேட்டு அழும் குழந்தையை அணைத்துக்கொண்டால் அதற்கு இடி மேலும் அச்சமூட்டுவதாக ஆகிவிடுவதில்லை.

பயிற்சியின் பாதி வருபவரிடம் இருக்கிறது. நம் விருந்தோம்பல் மரபில், வந்தவரிடம் 'நாயைப் பார்க்காதீர்கள், தொடாதீர்கள்' என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லியே ஆக வேண்டும். நேருக்கு நேர் கண்ணில் பார்ப்பது, மேலே குனிவது, தலையைத் தடவுவது ஆகிய மூன்றும் நமக்கு அன்பு, நாய்க்கு மிரட்டல். பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து பேசிக்கொண்டிருப்பவரே அதற்கு நல்ல விருந்தினர்.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. விருந்தினர் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து நாயை அழைக்கச் சொல்வது. ஆசை இழுக்க, கழுத்தை மட்டும் நீட்டி அது பிஸ்கட்டை வாங்கிவிடும். தின்று முடித்ததும்தான் தான் எவ்வளவு அருகில் வந்துவிட்டோம் என்று அதற்கு உறைக்கும். அந்தக் கணத்தில் கை அசைந்தால் கடி நிச்சயம். தீனியை நாய்க்குப் பின்புறம் தூக்கிப் போடச் சொல்லுங்கள். அதை எடுக்க அது விலகிப் போகும். விலகியதில் நிம்மதி கிடைக்கும். பின்னர் தானாகவே திரும்பிப் பார்க்கும்.

கூட்டம் கூடும் நாள்களில் பயிற்சி வேண்டாம். பொங்கலுக்கு இருபது பேர் வருகிறார்கள் என்றால், முதல் ஆள் வருவதற்கு முன்பே ஓர் அறையில் தண்ணீரும் படுக்கையும் கடிக்க ஏதேனும் பொருளும் வைத்து நாயை அங்கே விட்டுக் கதவை மூடுவதே நல்லது. குழந்தைகள் அந்த அறைக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது பெரியவர் ஒருவரின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

சங்கிலியில் கட்டிப்போடுவது இதற்கு மாற்று அல்ல. ஓட வழியில்லாத அச்சத்துக்கு எஞ்சியிருப்பது பல் மட்டுமே. மேலும், நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியே வளர்க்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் இருப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது. எனவே 'நாய்கள் ஜாக்கிரதை' பலகை உரிமையாளருக்கும் சேர்த்துத்தான்.

இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று ஆளைக் கண்டு சீறினால், பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூட்டுவலியும் காதுப்புண்ணும்கூட இப்படி வெளிப்படும். அச்சம் மிகுந்த நாய்களுக்கு மருந்தும் உண்டு. ஏற்கெனவே கடித்த நாயைத் தனியாகத் திருத்த முயல வேண்டாம். கூடை வடிவ வாய்க்கூட்டுக்குப் பழக்கி, தேர்ந்தவர் துணையோடு தொடங்க வேண்டும். கடிபட்டால், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எங்கள் நாய்க்கு ஏழெட்டு மாதங்கள் ஆயின. நடுவில் ஒரு தீபாவளி வந்து, செய்ததில் பாதியைப் பட்டாசு அழித்துவிட்டுப் போனது. மீண்டும் தொடங்கினோம். மாமா இப்போதும் வருகிறார். நாய் அவர் மடியில் ஏறுவதில்லை. அவர் கையிலிருந்து எதையும் வாங்குவதும் இல்லை. அவர் காபி குடித்து முடிப்பதற்குள் அறைவாசலில் படுத்துத் தூங்கிவிடுகிறது.