சென்னையில் பிறந்த இங்கிலாந்து கேப்டன்

பெரியபட்டினம் கடற்கரையில் அஸர் தொழுகை முடிந்ததும் பந்தும் மட்டையுமாக இறங்கும் பிள்ளைகளுக்காக ஒரு தகவல்.

இங்கிலாந்து அணியை 45 டெஸ்ட் ஆட்டங்களில் வழிநடத்திய நாசர் உசேன் 1968-இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய அத்தா ரஞ்சிக் கோப்பையில் மெட்ராஸ் அணிக்கு ஆடியவர். சிறு வயதிலேயே குடும்பம் இங்கிலாந்து போனது. லெக் ஸ்பின் போட்டுக்கொண்டிருந்த பையன், பந்துவீச்சு கைவிட்டுப் போனதும் மட்டையைப் பிடித்தார். எசெக்ஸ் கவுண்டி அணிக்கு ஆடி, 1999-இல் அதற்கும் கேப்டனானார்.

2000 டிசம்பர், ரமலான் மாதம். கராச்சி மைதானத்தில் பொழுது சாய்ந்து, பந்தே கண்ணுக்குத் தெரியாத மங்கலில் நாசர் சக வீரர் தோர்ப்புடன் நின்று பாகிஸ்தானை வென்றார். அந்த மைதானத்தில் அதுவரை பாகிஸ்தான் ஒரு டெஸ்ட்கூடத் தோற்றதில்லை.

அதைவிட மனதில் நிற்பது 2004 மே மாத லார்ட்ஸ் ஆட்டம். முதல் டெஸ்ட் ஆடிய சக வீரர் ஸ்ட்ராஸ் இரண்டாவது இன்னிங்ஸில் 83 ரன்னில் இருந்தபோது, நாசர் ஓட அழைத்துவிட்டுப் பின்வாங்கினார். இளைஞர் ரன் அவுட். இரண்டு இன்னிங்ஸிலும் சதம் என்ற அரிய வாய்ப்பு போயிற்று. அந்தப் பாரத்தைச் சுமந்தே நாசர் நின்று ஆடினார். ஆட்டமிழக்காமல் 103. வெற்றிக்கான பவுண்டரியும் அவர் மட்டையிலிருந்தே வந்தது.

96 டெஸ்ட், 14 சதம். சில நாளில் ஓய்வை அறிவித்தார். இளைஞர் ஸ்ட்ராஸுக்கு அணியில் இடம் இருக்கட்டும் என்று.